பாதிச் சரிவில் நின்ற வீடு

வீட்டு விலை விழப்போகிறது என்று ரேடியோ சொன்ன அன்று ஒத்தீலியா உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். செய்தியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தவன் அவள் தம்பி எரால்தோ. அவனுக்குச் சிப்பி வளர்ப்புப் படகில் வேலை. ஆனால் சட்டைப் பையில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஊருக்குச் செய்தி சொல்வதைத்தான் அவன் தொழிலாக மதித்தான்.

"அக்கா, போச்சு! தலைநகரத்துல வீடெல்லாம் விக்காம கெடக்குதாம். பேங்க்காரன் வட்டியை ஏத்திட்டான். ஆறு மாசத்துல வீட்டு விலை தலைகுப்புற விழும்னு ஒரு படிச்ச ஆளு சொல்றாரு."

ஒத்தீலியா மண்வெட்டியை நிறுத்தினாள். வேலியோரம் எருதுகளுக்கு உப்பு காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் அப்தோன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டு விலை விழுந்தா நமக்கென்னடா மாப்ளே?" என்றான். "நாம என்ன வீட்டையா விக்கிறோம்? நெலத்தைத்தானே விக்கிறோம். வீட்டை எவனாவது விப்பானா?"

"அதானே மச்சான்," என்றான் எரால்தோ. இவ்வளவு சின்ன விஷயம் அந்தப் படிச்ச ஆளுக்குத் தெரியவில்லையே என்று அவனுக்கு வருத்தமாகிவிட்டது.

நோய்க்காலம் முடிந்ததிலிருந்து லெமூய் தீவுக்கு ஒரு புதுப் பருவம் வந்திருந்தது. கடற்பாசிப் பருவம், ஆப்பிள் பருவம் மாதிரி, இது நிலம் வாங்க வரும் பருவம். எதிர்க்கரைத் துறையான சோன்சியிலிருந்து வரும் ஒவ்வொரு பெரும்படகிலும் தலைநகரம் சாந்தியாகோவிலிருந்து வந்த நாலைந்து கார்கள் இறங்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து கடலைப் பார்த்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "எவ்வளவு?" என்று கேட்பார்கள். உருளைக்கிழங்கு நன்றாக விளைகிற பள்ளத்து நிலத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். காற்று ஆளைத் தள்ளுகிற கடல் முனைகளுக்குத்தான் கிராக்கி.

அப்தோனின் நிலம் முனையிலும் முனை. முதலில் வந்தவர் மூன்று கோடி பேசோ என்றார். அப்தோன் மாட்டேன் என்றான். அடுத்து நாலரை வந்தது. அதற்கும் மாட்டேன். ஐந்தேகாலுக்கு ஒரு அம்மாள் வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினாள். காசு கையில் வருவதைவிட, வந்த காசை வேண்டாம் என்று சொல்வதில் அப்தோன் ருசி கண்டுவிட்டான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "நேத்து ஒருத்தரை வெறுங்கையோட அனுப்பிட்டேன்" என்று சொல்வது அவனுக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி.

ஒத்தீலியாவின் கணக்கு வேறு. முனையில் தண்ணீர் கிடையாது. டிசம்பரில் கோடை பிறந்தால் ஊற்று வற்றிவிடும். நகராட்சி லாரி வாரத்துக்கு ஒரு தடவை பாதை முனையில் நின்று ஒலி எழுப்பும். அங்கிருந்து வீடுவரை வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் சுமந்ததில் அவளுடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் இறங்கிப் போயிருந்தது. கீழே, சாலையோரம், அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் சிக்ஸ்தோவிடம் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதன் நடுவே வருஷம் முழுவதும் ஓடுகிற ஓடை. ஒரு குழாயைச் சொருகினால் தண்ணீர் அடுப்படிக்கே வந்துவிடும். அதற்கு அவன் கேட்டது இரண்டு கோடி.

"யோவ், சொல்றதைக் கேளு," என்றாள் அன்று இரவுச் சாப்பாட்டின்போது. "விலை விழுறதுக்கு முன்னாடி வித்துட்டு எறங்கிடுவோம்."

"ஏ புள்ள, அது விழாது. கடல் கொறையுதா? முனை கொறையுதா? அப்புறம் விலை எப்படிக் கொறையும்?"

"வாங்குற ஆளு கொறைவான்ல!"

"இன்னும் ஆறு மாசம் பொறு. எட்டு கோடி வரும்."

"எட்டு கோடி வரும்போது நான் இருக்க மாட்டேன். என் தோளு இருக்கும், அதை வச்சு வாளி தூக்கு."

அப்தோன் சூப்பைச் சத்தமாக உறிஞ்சினான்.

அடுத்த மாதம் இரண்டு கார்கள்தான் வந்தன. அதற்கடுத்த மாதம் ஒன்று. அந்த ஒன்றில் வந்தவர்தான் பல் டாக்டர் பெல்த்ரான். ஒல்லியான மனிதர், விலை உயர்ந்த மழைச்சட்டை. மற்றவர்களைப் போல அவர் கடலைப் பார்த்து மூச்சிழுக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தார். சுவரில் மீன் செதில் போல அடுக்கியிருந்த மரச் சில்லுகளைத் தடவினார். அடுப்பையும் ஜன்னலையும் படம் எடுத்தார். கதவு கிரீச்சிட்டதை இரண்டு முறை திறந்து மூடிக் கேட்டார்.

"என்ன அழகு! என்ன அழகு!" என்றார்.

"நல்லா வளத்திருக்காங்க புள்ள," என்று அப்தோன் மனைவியின் காதில் சொன்னான். விருந்தாளி வீட்டைப் புகழ்வது மரியாதைதானே.

"என் ஃபிளாட்டை வித்துட்டு இங்க வந்துடப் போறேன்மா," என்றார் டாக்டர். "ஆறு கோடி தர்றேன். ஒரு கோடி இப்பவே முன்பணம். மீதி மார்ச் முதல் வியாழன், பத்திர ஆபீஸ்ல."

அப்தோன் வழக்கம்போல "மாட்..." என்று ஆரம்பித்தான். மேசைக்கு அடியில் ஒத்தீலியாவின் மரக்கட்டைச் செருப்பு அவன் காலில் இறங்கியது. "மாட்டோம்னு சொல்ல மாட்டோம்," என்று முடித்தான்.

வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிலம் வாங்கினால் அதன் மேல் நிற்கிற வீடும் சேர்ந்தது என்பது டாக்டருக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். நிலத்தை விற்றவன் வீட்டைத் தன்னோடு கொண்டுபோவான் என்பது இவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். முன்பணப் பத்திரம் எழுதிய குமாஸ்தாவும் தீவுக்காரர். ஒரு ஹெக்டேர், நாலு எல்லை, அவ்வளவுதான் எழுதினார்.

முன்பணம் அன்று மாலையே ஓடை நிலத்துக்காகச் சிக்ஸ்தோவின் கைக்குப் போனது.

பிறகு ஊர் கூடி வீட்டையே மாடு பூட்டி இழுத்துப்போகிற மிங்கா வேலை ஆரம்பித்தது. வீடு நகர்த்த ஊரைக் கூப்பிடுவதென்றால் சும்மா ஆள் அனுப்பிச் சொல்ல முடியாது. புருஷனும் பொண்டாட்டியும் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும். "உங்க கையும் உங்க மாடும் வேணும்" என்று கேட்க வேண்டும். கூலி கிடையாது. சோறும் ஆப்பிள் கள்ளும் உண்டு. நாளைக்கு அவர்கள் கேட்டால் நீ போக வேண்டும். இரண்டு நாளில் ஒன்பது ஜோடி எருது சேர்ந்தது.

வீட்டின் அடியில் இரண்டு முழு மரங்களைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்தார்கள். உள்ளே மூலைக்கு மூலை சட்டம் அடித்தார்கள். கண்ணாடியெல்லாம் கழற்றிக் கம்பளியில் சுற்றியாயிற்று. அடுப்பைக் கழற்ற வேண்டாம் என்று ஒத்தீலியா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அது இருநூறு கிலோ," என்றான் எரால்தோ.

"மாட்டுக்குத்தானே கனம், உனக்கென்ன?"

புதன்கிழமை காலை மிங்கா. ஐம்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். முதல் இழுப்புக்கு வீடு அசையவில்லை. இரண்டாவதற்கு முனகியது. மூன்றாவதற்கு, பல வருஷம் உட்கார்ந்திருந்த கிழவி எழுந்த மாதிரி, ஒரு பெருமூச்சோடு கிளம்பியது. பெண்கள் கத்தினார்கள். எருதுகளின் முதுகில் ஆவி பறந்தது. முந்தின நாள் பெய்த மழையில் பாதை வழுவழுவென்று இருந்தது. சரிவில் வீடு தானாகவே இறங்கப் பார்த்தது. பின்னால் இருபது பேர் கயிறு பிடித்துத் தடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது.

பாதையின் இரு பக்கமும் முள்வேலி. ஜீப் நின்றது. ஒலி எழுப்பியது. முன் ஜோடிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த அப்தோன் தார்க்கோலை உயர்த்தி ஆட்டினான்.

"பின்னாடி போங்க! பின்னாடி! வீடு வருது!"

ஜீப்பின் கண்ணாடி இறங்கியது. டாக்டர் பெல்த்ரான் தலையை நீட்டினார். "யார் வீடு?"

"அட, நம்ம டாக்டர் ஐயா! வாங்க, வாங்க! உங்க இடத்தைச் சுத்தமா காலி பண்ணிட்டோம்யா! ஒரு ஆணிகூட விடலை!"

டாக்டர் வீட்டைப் பார்த்தார். தான் தடவிய சுவர், தான் படம் எடுத்த ஜன்னல், கதவு கிரீச், கிரீச் என்று ஆடிக்கொண்டு அவரை நோக்கியே வந்தன. என்ன சொல்வதென்று அவர் யோசிப்பதற்கு எருதுகள் காத்திருக்கவில்லை. ஜீப்பைப் பின்னால் எடுத்தார். அரை கிலோமீட்டர், வளைந்த பாதை, பின்னோக்கியே. அவர் போகப் போக அவர் வீடு அவரைத் துரத்தியது. சிலுவை நட்ட குருசடிப் பக்கம் பாதை அகலமாகிற இடத்தில்தான் ஒதுங்க முடிந்தது. அங்கேதான் மத்தியான ஓய்வும். வீடு நின்றது.

"இது... இது கொள்ளை!" என்று கத்திக்கொண்டே இறங்கினார் டாக்டர். "நான் வாங்கினது இந்த வீட்டை!"

கயிறு பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டையா?" என்றான் சிக்ஸ்தோ. "அப்ப இவங்க எங்க படுப்பாங்க?"

"அது என் பிரச்சினையா?"

"உங்க பிரச்சினை இல்லைங்க. அதான் அவங்களே எடுத்துட்டுப் போறாங்க."

"நான் கோர்ட்டுக்குப் போவேன்! வீடு இல்லாம அந்த நெலத்துக்கு என்ன மதிப்பு? எனக்கு இந்த வியாபாரமே வேண்டாம். என் முன்பணத்தை எடுத்து வைங்க!"

ஒத்தீலியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். முன்பணம் சிக்ஸ்தோவிடம் போய்விட்டது. சிக்ஸ்தோ அதை ஒரு படகு எஞ்சினாக மாற்றிவிட்டான். இந்த மனிதர் போய்விட்டால் நிலத்துக்கு இன்னொரு ஆள் வரப்போவதில்லை. மேலே வீடும் இல்லை, கீழே ஓடையும் இல்லை. குருசடிப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

"எதுவா இருந்தாலும் சாப்ட்டுட்டுப் பேசுங்கய்யா," என்றாள். அது மட்டும்தான் அவளுக்கு அப்போது தோன்றியது.

குழியில் சுட்ட கல்லின் மேல் இலை மூடி வேகவைத்த சிப்பியும், புகைபோட்ட பன்றிக்கறியும், உருளைக்கிழங்கு அடையும் வந்தன. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை வாங்கினார். கோபமாகச் சாப்பிட்டார். இரண்டாவது அடையையும் கோபமாகவே எடுத்தார். மூன்றாவது அடைக்குக் கை நீண்டபோது ஒத்தீலியா கவனித்தாள்.

ஆறு கோடி வியாபாரத்தில் ஏமாந்தவனுக்குச் சோறு இறங்காது. இந்த மனிதர் விரல் நக்குகிறார். பத்திரம் நாளைக்கு. இவர் இன்றைக்கே எதற்கு வந்தார்?

அருகே போய்ச் சும்மா கேட்பது போலக் கேட்டாள். "ஐயா, உங்க சாந்தியாகோ ஃபிளாட் வித்துடுச்சுங்களா?"

டாக்டரின் வாய் அசைவது நின்றது. "அது... பேசிட்டிருக்கேன்."

ஒத்தீலியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் வீடு காணாமல் போனதற்காகக் கோபப்படவில்லை. வியாபாரத்தை முறிக்க ஒரு காரணம் தேடிக்கொண்டு படகேறி வந்திருக்கிறார். அந்தக் காரணம் ஒன்பது ஜோடி எருது பூட்டிக்கொண்டு எதிரே இறங்கி வந்திருக்கிறது.

அவள் மேலங்கியில் கையைத் துடைத்தாள்.

"சிக்ஸ்தோ அண்ணே! மாட்டைத் திருப்பு. வீடு மேல போகுது."

அப்தோன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"ஏ புள்ள!" என்றான் அப்தோன். "உனக்கென்ன பித்தா?"

"ஐயாவுக்கு வீடுதானே வேணும்? குடுத்துடுவோம். சாயங்காலத்துக்குள்ள இருந்த இடத்துல இருக்கும். நாளைக்கு மீதி அஞ்சு கோடியோட வாங்கய்யா. நாங்க துணிமணியோட வெளிய நிக்கிறோம்."

"மேட்டுல ஏத்தணுமாக்கா?" என்றான் எரால்தோ, அழாத குறையாக.

"எறக்கத் தெரிஞ்சவனுக்கு ஏத்தத் தெரியாதா? திருப்புடா!"

சொல்லிவிட்டாள். இந்த மனிதரிடம் உண்மையிலேயே காசு இருந்துவிட்டால்? அவள் கண்ணெதிரே வீடு திரும்பிப் போகும். அடுப்பும் போகும்.

ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். முதல் ஜோடியைக் கழற்றி, வீட்டைச் சுற்றி நடத்தி, பின்பக்கம் பூட்டினார்கள். இரண்டாவது ஜோடி. டாக்டர் மூன்றாவது அடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது ஜோடி சேற்றில் சண்டித்தனம் செய்தது. அதன் சொந்தக்காரர் டாக்டரின் ஜீப்பைப் பார்த்து எருதைத் திட்டினார். நாலாவது. ஒத்தீலியா டாக்டரைப் பார்க்காமல் தன் அடுப்பின் புகைக்குழாய் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது ஜோடியைக் கழற்றும்போது டாக்டர் எழுந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"ஏங்கய்யா?"

"நிறுத்தச் சொல்லுங்க." அவர் குரல் இறங்கியது. "என்கிட்ட அஞ்சு கோடி இல்லை. ஃபிளாட்டுக்கு நான் நெனச்சதுல பாதிக்குத்தான் ஆள் வந்திருக்கான். அதுவும் தினம் போன் பண்ணிக் கொறைக்கிறான். விலை விழுது, விழுதுன்னு என் காதுலயே சொல்றான்."

"எவ்வளவு இருக்கு?"

"மூணு."

"குடுத்தது ஒண்ணு, குடுக்கப்போறது மூணு. நாலு. நெலம் உங்களுக்கு, வீடு எங்களுக்கு."

டாக்டர் யோசித்தார். வீடு இல்லாத நிலத்துக்கு நாலு என்பது அவருக்கும் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் அப்தோன் தொப்பியைத் தரையில் அடித்தான்.

"நாலா! ஆறு கோடிடீ! ரெண்டு கோடி போச்சே!"

"போச்சா? உன்கிட்ட எப்ப இருந்துச்சு, போறதுக்கு?"

"எட்டு வரும்னு..."

"அப்ப நாலு கோடி போச்சுன்னு அழு. எதுக்குக் கொறைச்சு அழுவுறே?"

கயிற்றுக்காரர்கள் சிரிப்பில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். டாக்டருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது.

"சரிம்மா. நாலு," என்றார்.

"அப்ப எந்தப் பக்கம்தான் இழுக்கணும்?" என்று கத்தினார் ஏழாவது ஜோடிக்காரர். "மாடு எங்களைப் பாத்துச் சிரிக்குது!"

"கீழே!" என்றாள் ஒத்தீலியா.

வீடு கீழே போனது. டாக்டரையும் சும்மா விடவில்லை. பின்கயிற்றில் எரால்தோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். விலை உயர்ந்த மழைச்சட்டை இடுப்புவரை சேறாயிற்று. வழியெல்லாம் எரால்தோ அவருக்கு வட்டி விகிதத்தை விளக்கிக்கொண்டே வந்தான்.

மறுநாள் பத்திர ஆபீஸில் டாக்டர் கைகளில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா வாசித்தது எதுவும் அவருக்குப் போதவில்லை.

"வேலி அங்கேயே இருக்கும்னு எழுதுங்க," என்றார். "ஆப்பிள் மரம் பதினொண்ணும் இருக்கும். வாசல் கதவு இருக்கும். மண் இருக்கும்."

"மண்ணை யாருங்க எடுப்பா?" என்று அப்தோன் புண்பட்டான்.

"உங்களை நான் நம்ப மாட்டேன். எழுதுங்க."

குமாஸ்தா எழுதினார். பேனா டாக்டரின் கைக்கு வந்தது. அது காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது. அவர் ஒத்தீலியாவைப் பார்த்தார். தலைநகரத்துத் தரகர்கள் யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்பவர் போல, மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாச் சொல்லுங்கம்மா. விலை இன்னும் விழுமா?"

அப்தோன் வாயைத் திறந்தான். நேற்றிலிருந்து அவன் விலை விழும் கட்சி. நாலு கோடிக்கு விற்றவனுக்கு வேறு ஆறுதல் ஏது? ஒத்தீலியா அவன் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். விழாது என்று ஒரு பொய் சொன்னால் பேனா இறங்கிவிடும். ஓடை அடுப்படிக்கு வந்துவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் கையில் இருந்த கொப்புளம் அவள் வீட்டுக் கயிறு தந்தது.

"எனக்கெப்படிங்கய்யா தெரியும்?" என்றாள். "தெரிஞ்சிருந்தா போன வருஷமே வித்திருப்பேனே."

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு குமாஸ்தாவிடம் கேட்டார்: "இப்ப அந்த முனைப் பக்கம் என்ன விலை போகுது? நான் விக்கப்போறதில்லை. சும்மா, எவ்வளவு வந்தா மாட்டேன்னு சொல்லணும்னு தெரிஞ்சுக்கத்தான்."

அப்தோன் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டான்.

"அதை நான் சொல்லித் தர்றேன், வாங்க," என்றான்.